பவளப்பாறைகள் மீண்டுவிட்டனவா? இனயத்து மாணவர் ஒருவரின் கேள்விகளுக்குப் பதில்

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான இனயத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பவளப் பரப்பு 2022-இல் இதுவரை இல்லாத அளவுக்கு உயர்ந்தது என்று செய்தி வந்திருக்க, கடல் சூடாகிப் பவளங்கள் அழிகின்றன என்பது எப்படிப் பொருந்தும் என்பது முதலாவது. மன்னார் வளைகுடாவில் பவளம் அழிந்தது சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததாலேயே தவிர வெப்பத்தால் அல்ல என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்களே, அது சரியா என்பது இரண்டாவது. குமரிக் கடலில் பவளமே இல்லாதபோது இந்த விவாதத்தில் நமக்கு என்ன வேலை என்பது மூன்றாவது. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அதில் ஒரு தகவல் பிழை இருக்கிறது, அதுவும் கேட்டவருடைய ஊரைப் பற்றியே.

இந்தியாவின் பவளத்திட்டுகள் என்றதும் அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு, கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் சேர்ந்த பகுதி என நான்கு இடங்களைப் பாடநூல்கள் சொல்லும். ஆனால் கொல்லத்திலிருந்து இனயம் வரையிலான கரையோரப் பாறைகளில், திட்டுகளைக் கட்டும் வகைப் பவளங்கள் ஆங்காங்கே ஒட்டி வளர்வதைக் கடலியலாளர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்கள். அவை திட்டாக எழும்பாமல் போனதற்கான காரணங்கள் நம் கடலின் இயல்பிலேயே இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் மோதும் அலைகள், குழித்துறைத் தாமிரபரணி தேங்காப்பட்டணத்திலும் வள்ளியாறு கடியபட்டணத்திலும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல், ஆனி முதல் ஆவணி வரை அடிக்கடலிலிருந்து மேலே எழும் குளிர்ந்த நீர் ஆகிய மூன்றும் பவளத்துக்கு ஒத்துவராதவை. பவளம் விரும்புவது தெளிந்த, வெதுவெதுப்பான, சத்துக் குறைந்த நீர். மேலெழும் குளிர்ந்த நீரோ சத்து மிகுந்தது. நுண்ணுயிர்ப் பாசிகளை அது பெருக்குவதால்தான் சாளையும் நெத்தோலியும் நம் கரையில் குவிகின்றன. சாளைக்கு நல்லது பவளத்துக்கு ஆகாது என்றே சொல்லலாம். ஆக, குமரிக் கடலில் பவளம் இல்லை என்பதைவிட, தன் வாழ்விடத்தின் விளிம்பில் சிதறிச் சிறிதாக வாழ்கிறது என்பதே சரி.

வெப்பம் பவளத்தை என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுவெளியில் நடக்கும் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன. பவளம் என்பது கல்லும் அன்று, செடியும் அன்று. சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டு கூட்டமாக வாழும், மென்மையான உடல்கொண்ட விலங்கு. அதன் திசுவுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. சூரிய ஒளியைக் கொண்டு அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை இப்படியே நிறைவேறும். நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், பாசிகளின் ஒளிச்சேர்க்கை கெட்டு, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நிறம் பாசியுடையது என்பதால், அது போனதும் கண்ணாடி போன்ற திசுவின் வழியே வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இதைத்தான் வெளுப்பு என்கிறோம்.

வெளுத்த பவளம் இறந்த பவளம் அன்று. பட்டினியில் இருக்கும் பவளம். இரண்டு மூன்று வாரங்களில் நீர் குளிர்ந்துவிட்டால் பாசிகள் திரும்பும், பவளம் பிழைக்கும். வெப்பம் நீடித்தால் சாகும். செத்த கூட்டின்மேல் இழைப்பாசி படரும். ஆகவே "90 விழுக்காடு வெளுத்துவிட்டது" என்ற செய்தியை "90 விழுக்காடு அழிந்துவிட்டது" என்று எழுதுவது தவறு. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் உயிருள்ள பவளத்தைக் காட்டி "எல்லாம் புளுகு" என்று கைகொட்டிச் சிரிப்பதும் அதே தவற்றின் மறுபக்கம். 2016-இல் அமெரிக்க இதழ் ஒன்று கிரேட் பேரியர் ரீஃபுக்கு இரங்கல் குறிப்பு எழுதி, அது உலகம் முழுவதும் பரவியது. எழுதியவரின் நோக்கம் எச்சரிக்கை, விளைந்தது எதிர்மாறு. பவள ஆய்வாளர்களே அதை மறுக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் பவளத்திட்டு அப்போது இறந்திருக்கவில்லை.

இப்போது ஆஸ்திரேலியப் புள்ளிவிவரத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனம் 1980-களிலிருந்து ஒரே முறையில் இந்தக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. படகின் பின்னால் மெதுவாக இழுக்கப்படும் நீச்சல் ஆய்வாளர் ஒருவர், திட்டின் ஓரமாகச் சென்று, அடித்தளத்தில் எத்தனை விழுக்காட்டைக் கடினப் பவளம் மூடியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார். 2022 அறிக்கையின்படி வடக்குப் பகுதியில் 36 விழுக்காடு, நடுப்பகுதியில் 33 விழுக்காடு. கணக்கெடுப்பு நடந்த 36 ஆண்டுகளில் அவையே அதிகம். செய்தி உண்மை. அந்த நிறுவனம் எதையும் மறைக்கவில்லை, தானே வெளியிட்டது.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2022 உயர்வின் பெரும்பங்கு மான்கொம்புப் பவளம் உள்ளிட்ட அக்ரோபோரா இனங்களுடையது. வேகமாக வளர்பவை அவை. அலைக்கும் புயலுக்கும் பவளத்தைத் தின்னும் முள்கிரீட நட்சத்திர மீனுக்கும் வெப்பத்துக்கும் முதலில் பலியாகிறவையும் அவையே. மூளை வடிவிலும் பாறாங்கல் வடிவிலும் வளரும் மெதுவான இனங்கள், ஒருமுறை செத்தால் பல பத்தாண்டுகள் கழித்தே பழைய அளவை எட்டும். பசுமைப் பரப்பின் விழுக்காட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் பேச்சிப்பாறைக்கு மேலிருக்கும் காடும் அதன் சுற்றுப்புறத்து ரப்பர்த் தோட்டமும் ஒன்றுதான். காட்டுக்குள் போய் வந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். பரப்பு ஓர் அளவுகோல். அதுவே உடல்நலச் சான்றிதழ் ஆகிவிடாது.

அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்லாமல் 2022-ஐ மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. 2024 கோடையில் அங்கே கடுமையான வெளுப்பு ஏற்பட்டது. 2025-இல் அதே நிறுவனம் அதே முறையில் எடுத்த கணக்கில், வடக்குப் பகுதியின் பவளப் பரப்பு முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 40 விழுக்காட்டிலிருந்து 30-க்கும், தெற்குப் பகுதியின் பரப்பு 39-லிருந்து 27-க்கும் இறங்கியிருந்தது. அவ்விரு பகுதிகளிலும் ஒரே ஆண்டில் பதிவான மிகப் பெரிய வீழ்ச்சி அது. 2022-இல் அந்த நிறுவனத்தின் எண்களை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள், 2025 எண்களைக் கண்டுகொள்ளாமல் விட்டதை நான் கவனித்தேன். இவ்வளவு பெரிய ஏற்றமும் இறக்கமுமே செய்தி. ஏறும்போது மகிழ்ந்து இறங்கும்போது அழுவதைவிட, ஊசலாட்டம் ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது என்று கேட்பதே பயனுள்ளது.

என் பார்வையில் இந்த விவாதம் முழுவதும் ஒரே ஒரு கேள்வியில் அடங்குகிறது: ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே எத்தனை ஆண்டு? கிரேட் பேரியர் ரீஃபில் பரவலான வெளுப்பு ஏற்பட்ட ஆண்டுகள் 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024, 2025. 2002-க்கும் 2016-க்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கிடைத்தன. 2016 முதல் பத்தே ஆண்டுகளில் ஆறு முறை. எல்லாம் பசிபிக் கடல் அவ்வப்போது சூடாகும் எல் நினோவின் வேலை என்று சொல்பவர்களுக்கு 2022 ஒரு சிக்கல். அது கடலைக் குளிர்விக்க வேண்டிய லா நினா ஆண்டு. பவள ஆய்வாளர் டெர்ரி ஹியூஸ் தலைமையிலான குழு உலகின் 100 பவளத்திட்டுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, ஓர் இடத்தில் கடும் வெளுப்பு திரும்ப வருவதற்கான இடைவெளி, 1980-களின் தொடக்கத்தில் 25 முதல் 30 ஆண்டுகளாக இருந்தது, ஆறு ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. மிக வேகமாக வளரும் பவளங்களுக்கே நன்றாக மீள்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்.

இதை நம் பக்கத்துக் கடலிலும் பார்க்கலாம். லட்சத்தீவின் அகத்தி, கவரத்தி, கடமத் ஆகிய தீவுகளில் 1998 முதல் தொடர்ந்து நடந்த ஆய்வில், உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 37 விழுக்காட்டிலிருந்து 2022-இல் 20-க்கும் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. 1998, 2010, 2016 என மூன்று வெப்ப அலைகள் அந்த இடைவெளியில் வந்துபோயின. ஒவ்வொன்றுக்குப் பிறகும் பவளம் மீளத் தொடங்கியது. மீண்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. அந்தத் தீவுகளில் பெரிய ஆலைகளோ, வண்டல் கொட்டும் ஆறுகளோ கிடையாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இனி மன்னார் வளைகுடா. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பவளப்பாறை படகு படகாக வெட்டி எடுக்கப்பட்டது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்ததற்கு அந்த வெட்டே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வெட்டுவது ஏறக்குறைய நின்றே போனது.

பெரியவர்களின் வாதம் தடுமாறுவது இங்கேதான். வெட்டுவது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அது நின்றபின் பவளம் தொடர்ந்து பெருகியிருக்க வேண்டும். பெருகவும் தொடங்கியது. 2010 வெப்ப அலையில் ஒரு பகுதி செத்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அதில் ஓரளவு மீண்டது. பிறகு 2016 கோடையில், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குச் சரிந்தது. யாரும் கடப்பாரை கொண்டு போகவில்லை. கடல் சூடாக இருந்தது, அவ்வளவுதான். அதற்காக உள்ளூர்க் காரணங்கள் தீர்ந்துவிட்டன என்று பொருளில்லை. வண்டல் படிந்த பாறையில் பவளக் குஞ்சுகள் ஒட்டாது. கழிவுநீரின் சத்தில் பாசி பெருகினால் இடம் போய்விடும். இழுவலையின் அடிச்சங்கிலி உரசிய திட்டு நொறுங்கிக் கிடக்கும். வெப்பம் கொல்கிறது, கொன்ற இடத்தில் மீண்டும் முளைக்குமா என்பதைப் பெரும்பாலும் உள்ளூர் நிலைமை தீர்மானிக்கிறது. இரண்டையும் போட்டிக்கு நிறுத்துவது வீண்.

வெப்பம் கூடுவது மனிதரால்தான் என்பதற்கு என்ன சான்று என்ற கேள்வி எப்போதும் பின்தொடர்ந்து வரும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு) அளவில் இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதல் கார்பன் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வந்ததுதான் என்பதை அதன் ஐசோடோப்பு விகிதம் காட்டுகிறது: செடிகளிலிருந்து உருவான எரிபொருளில், கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13 குறைவு, அதை எரிக்க எரிக்கக் காற்றிலும் கடலிலும் கார்பன்-13-இன் பங்கு குறைகிறது. இதில் சுவையான செய்தி, அந்த வீழ்ச்சியைப் பவளமே தன் சுண்ணாம்புக் கூட்டில் எழுதி வைத்திருக்கிறது என்பது. மரத்தைப் போலவே பவளத்திலும் ஆண்டு வளையங்கள் உண்டு. பழைய பவளங்களைத் துளையிட்டு எடுத்தால் நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் படிக்கலாம். ஸ்ட்ரான்சியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம் அன்றைய நீரின் வெப்பத்தைச் சொல்லும். அப்படிப் படித்தவர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கிரேட் பேரியர் ரீஃப் அமைந்திருக்கும் பவளக் கடலின் (Coral Sea) ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெப்பம் 2024, 2020, 2017 ஆகிய ஆண்டுகளில் கடந்த 400 ஆண்டுகளிலேயே மிக அதிகம் என்று கண்டார்கள். சூரியன்தான் காரணம் என்றால் மேல் வளிமண்டலமும் சேர்ந்து சூடாக வேண்டும், அங்கேயோ குளிர்ந்துகொண்டிருக்கிறது.

பவளங்கள் இதைவிட வெப்பமான யுகங்களைக் கண்டவை அல்லவா என்பார்கள். கண்டவைதான். இன்றைய கடினப் பவளங்களின் வம்சம் சுமார் 24 கோடி ஆண்டு பழையது. ஆனால் அந்த வம்சம் தோன்றுவதற்குச் சற்று முன்புதான், பெர்மியன் யுகத்தின் முடிவில் கார்பன் வேகமாகப் பெருகிக் கடல் சூடானபோது, அதற்கு முந்தைய பவள வகைகள் அனைத்தும் அடியோடு அழிந்தன. பவளம் என்ற உயிர் தப்பிப் பிழைக்கலாம். திட்டு, அதை நம்பிய மீன், அந்த மீனை நம்பிய ஊர் ஆகியவற்றுக்குக் கோடி ஆண்டுக் கணக்கு எந்த ஆறுதலையும் தராது. பாரசீக வளைகுடாவில் 35 டிகிரியைத் தாங்கும் பவளங்கள் உண்டு என்பதும் உண்மையே. அவை அதற்குப் பழக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. 2018-இல் ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐபிசிசி சொன்னது, புவியின் சராசரி வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் வெப்பக்கடல் பவளத்திட்டுகள் மேலும் 70 முதல் 90 விழுக்காடு குறையும், 2 டிகிரி என்றால் 99 விழுக்காட்டுக்கும் மேல் போகும் என்பது. "2050-க்குள் பவளமே இருக்காது" என்று வாட்ஸ்அப்பில் வருவது இதன் உருக்குலைந்த வடிவம்.

நமக்கு என்ன வேலை என்பதற்கு இப்போது நேராகப் பதில் சொல்லலாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் லட்சத்தீவுக்கு அப்பாலும் போகிறவர்கள். இந்தியாவில் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் அவர்களுக்கு நிகரானவர்கள் அரிது. அவர்கள் கடக்கும் கடல் முழுவதும் பவளத் தீவுகளும் மூழ்கிய மேடுகளும் நிறைந்தது. லட்சத்தீவு மீனவர்கள் சூரை பிடிக்கப் பயன்படுத்தும் உயிர் இரைமீன்கள் பவளத் திட்டுகளிலிருந்தே கிடைக்கின்றன. கரைக்கு அருகில், கலவாவும் விளைமீனும் சிங்கி இறாலும் தங்கும் பார்கள் எனப்படும் கடலடிப் பாறைகளின் நிலையும் நீரின் வெப்பத்தோடு பிணைந்ததே. ஒரு சிறு திருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: 2004 ஆழிப்பேரலையில் இராமநாதபுரம் கரை தப்பியது பவளம் இருந்ததால், கொளச்சல் அழிந்தது அது இல்லாததால் என்று மேடைகளில் பேசுகிறார்கள். திட்டுகள் அலையின் வேகத்தைப் பெரிதும் உடைக்கும் என்பது உண்மை. ஆனால் அன்று இராமநாதபுரத்தைக் காத்ததில் பெரும்பங்கு குறுக்கே கிடந்த இலங்கைத் தீவுக்கே உரியது. பவளத்தைக் காப்பதற்கு இல்லாத பெருமையைச் சேர்க்க வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தின் விவாதத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று. கடலரிப்பு வந்தால் ஒரு சாரார் "காலநிலை மாற்றம், என்ன செய்ய முடியும்" என்கிறார்கள். மறுசாரார் "துறைமுகச் சுவரும் தூண்டில் வளைவும்தான், காலநிலை என்பது சாக்கு" என்கிறார்கள். 2017-இல் ஒக்கி வந்தபோதும் இதுவே நடந்தது: ஒரு புயலை மட்டும் எடுத்து இது காலநிலை மாற்றத்தால் வந்தது என்று அறுதியிட முடியாது, ஆனால் சூடான கடல் புயலுக்குத் தீனி என்பதில் ஐயமில்லை, எச்சரிக்கை உரிய நேரத்தில் சேர்ந்ததா என்ற கேள்வியோ முற்றிலும் மனிதர் பதில் சொல்ல வேண்டியது. வெப்பத்தைக் காட்டி உள்ளூர்ப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவரும், உள்ளூர்த் தவற்றைக் காட்டி வெப்பத்தை மறுப்பவரும் ஒரே உத்தியைத்தான் கையாளுகிறார்கள். இனயத்தில் முன்மொழியப்பட்ட சரக்குப் பெட்டகத் துறைமுகத்தையும், குமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க கடலடி மேடான வாட்ஜ் பேங்க் பகுதியில் எண்ணெய், எரிவாயு தேடுவதையும் எதிர்த்து மீனவர்கள் போராடியபோது, கரையோரப் பாறைகளில் என்ன வாழ்கிறது என்ற பட்டியலே பெரும்பாலும் பேச்சில் வரவில்லை.

அதைத்தான் உங்களைப் போன்ற மாணவர்கள் தொடங்கலாம். சித்திரை, வைகாசியில் கடல் தெளிந்தும் சூடாகவும் இருக்கும். அப்போது சிப்பி எடுக்க மூழ்குபவர்களுடன் போய், குறித்துவைத்த அதே பாறையை அதே கோணத்தில் படமெடுங்கள். வெளுப்பு தெரிந்தால் நாளையும் ஆழத்தையும் நீரின் வெப்பத்தையும் எழுதிவையுங்கள். சாரல் காலம் முடிந்து ஐப்பசிக்குப் பின் மீண்டும் போனால், பிழைத்ததா, பாசி மூடியதா, வண்டல் புதைத்ததா என்று தெரிந்துவிடும்; எது வெப்பத்தின் வேலை, எது கரையின் வேலை என்பதை இரண்டு மூன்று ஆண்டுப் படங்கள் ஓரளவு பிரித்துக்காட்டும். படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு துண்டைக்கூட உடைத்துக்கொண்டு வராதீர்கள். கரையொதுங்கிய செத்த பவளமானாலும் வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். முதல் அட்டவணையில் இருக்கும் உயிருக்குப் புலிக்குள்ள அதே சட்டப் பாதுகாப்பு உண்டு, தண்டனையும் அப்படியே.